டேஷ்கேம் வாங்கியாச்சு, அப்புறம்? இன்சூரன்ஸ் க்ளெய்மில் அது கைகொடுக்கச் செய்ய வேண்டியவை

என் முதல் டேஷ்கேம் எட்டு மாதம் முன்கண்ணாடியில் சமர்த்தாக ஒட்டிக்கொண்டிருந்தது. காரை ஸ்டார்ட் செய்தால் பச்சை விளக்கு எரியும், ‘டிங்’ என்று ஒரு சத்தம் வரும், நானும் நிம்மதியாகக் கிளம்பிவிடுவேன். ஒருநாள் சிக்னலில் எனக்கு முன்னால் நின்ற வேன் மெல்லப் பின்னால் உருண்டு வந்து என் பம்பரை நசுக்கியது. இறங்கி வந்த ஓட்டுநர் நான்தான் பின்னாலிருந்து இடித்தேன் என்றார். வாக்குவாதமே செய்யவில்லை நான். கேமரா இருக்கிறதே! வீட்டுக்கு வந்து கார்டை கம்ப்யூட்டரில் போட்டால், கடைசியாகப் பதிவான வீடியோ இரண்டு மாதம் பழையது. மெமரி கார்டு எப்போதோ செத்துப் போயிருந்தது. கேமரா மட்டும் தவறாமல் விளக்கெரித்துக்கொண்டிருந்தது. பின்னால் இருந்தவன் நான், ஆகவே தப்பும் என்னுடையது என்று முடிவானது. க்ளெய்ம் கேட்காத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ க்ளெய்ம் போனஸும், சேர்த்து வைத்திருந்தது, போனது.

டேஷ்கேம் பற்றி யாரிடம் கேட்டாலும் எந்த மாடல் நல்லது என்றுதான் சொல்வார்கள். க்ளெய்ம் நேரத்தில் ஆளைக் கவிழ்ப்பது பெரும்பாலும் கார்டும், கேமராவின் கடிகாரமும், விபத்து முடிந்த முதல் அரை மணி நேரத்தில் நாம் செய்வதும்தான். அதனால் இந்த வழிகாட்டியில் மாடல்களைப் பற்றிக் கொஞ்சமாகவும் மற்றதைப் பற்றி நிறையவும் எழுதியிருக்கிறேன்.

இன்சூரன்சில் எது மாறும், எது மாறாது

டேஷ்கேம் மாட்டினால் பிரீமியம் குறையுமா? பெரும்பாலும் குறையாது. தென்கொரியாவில் கதை வேறு. அங்கே டேஷ்கேமுக்கு ‘பிளாக் பாக்ஸ்’ என்றே பெயர், அது இருந்தால் இன்சூரன்ஸ் நிறுவனங்கள் தள்ளுபடியும் தருகின்றன. மற்ற நாடுகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில நிறுவனங்கள் தருவதுண்டு. உங்கள் நிறுவனத்திடம் கேட்டுப் பாருங்கள், பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தள்ளுபடி வாங்கினால் நிபந்தனையையும் படித்துவிட வேண்டும். ‘எப்போதும் கேமரா ஓடிக்கொண்டிருக்கும்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு, விபத்தன்று பதிவு இல்லை என்று போய் நின்றால் தள்ளுபடியே வினையாகிவிடும்.

உண்மையான லாபம் தப்பு யாருடையது என்று தீர்மானிக்கும் இடத்தில் இருக்கிறது. சாட்சி இல்லாத விபத்தில் அவர் ஒன்று சொல்வார், நீங்கள் ஒன்று சொல்வீர்கள். இருவருடைய பேச்சையும் வைத்து முடிவுக்கு வர முடியாதபோது ஆளுக்குப் பாதி என்று கணக்கை முடிப்பதும், அவரவர் காரை அவரவர் பாலிசியிலேயே சரிசெய்துகொள்ளச் சொல்வதும் சகஜம். அப்படி முடிந்தால் டிடக்டிபிள் என்று கழிக்கப்படும் தொகை உங்கள் கையிலிருந்து போகும், நோ க்ளெய்ம் போனஸும் அடிபடும், அடுத்த வருடப் பிரீமியமும் ஏறலாம். தெளிவான வீடியோ இருந்தால் உங்கள் நிறுவனம் தான் கொடுத்த பணத்தை எதிர்த்தரப்பு நிறுவனத்திடம் கேட்டு வாங்க வழி பிறக்கிறது. அப்படி முழுவதுமாக வசூலானால் உங்கள் டிடக்டிபிளும் போனஸும் திரும்பக் கிடைக்குமா என்பது பாலிசிக்குப் பாலிசி மாறும். இந்தக் கேள்வியை விபத்துக்கு முன்பே கேட்டு வைப்பது நல்லது.

தப்பைச் சதவீதமாகப் பிரிக்கும் நாடுகளில் வீடியோவின் மதிப்பு இன்னும் கூடும். முழுக்க உங்கள் பக்கம் நியாயம் இல்லாவிட்டாலும், உங்கள் பங்கு ஐம்பதிலிருந்து இருபதாக இறங்கினால் அதுவே பெரிய தொகை.

இன்னொரு வகை விபத்தும் இருக்கிறது: வேண்டுமென்றே நடத்தப்படுவது. முன்னால் போகிற கார் காரணமே இல்லாமல் சடாரென்று பிரேக் அடிக்கும், நீங்கள் போய் இடிப்பீர்கள், காருக்குள் இருக்கும் நாலு பேருக்கும் உடனே கழுத்து வலி வந்துவிடும். சீனாவில் இந்த மாதிரி வேலைக்குப் ‘பீங்கானில் மோதுவது’ என்று ஒரு பெயரே இருக்கிறது. ரஷ்யாவில் டேஷ்கேம் இவ்வளவு பரவியதற்கு இப்படிப்பட்ட மோசடிகள் ஒரு முக்கியக் காரணம். 2013 பிப்ரவரி 15 அன்று அந்நாட்டின் செல்யாபின்ஸ்க் நகர வானத்தில் எரிகல் வெடித்தபோது அதை அத்தனை கோணங்களில் உலகம் பார்க்க முடிந்ததும் அந்தக் கேமராக்களால்தான். மோசடிக்காரனுக்குப் பயந்து வாங்கியது விண்வெளி ஆய்வாளர்களுக்கு உதவியது!

சரி, தப்பு உங்களுடையதாக இருந்தால்? கேமரா அதையும்தான் பதிந்திருக்கும். சிவப்பு விளக்கைத் தாண்டியது, இண்டிகேட்டர் போடாமல் திரும்பியது, திரையின் மூலையில் ஓடும் வேகம் எல்லாமே அதில் இருக்கும். விபத்து பற்றிய விவரங்களைக் கொடுத்து ஒத்துழைக்க வேண்டும் என்பது சாதாரணமாக எல்லா பாலிசியிலும் இருக்கும் நிபந்தனை. வீடியோவை அழித்துவிட்டு ‘கேமரா ஓடவில்லை’ என்று சொன்னது பின்னால் தெரியவந்தால், ஒரு சின்ன விபத்து க்ளெய்ம் மறுப்பாகவும் மோசடிப் புகாராகவும் வளர்ந்துவிடும். அழிக்காதீர்கள். அந்த வீடியோவை என்ன செய்வது என்று குழப்பமாக இருந்தால் வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

ஒரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். சில நிறுவனங்கள் காரில் ஒரு சின்னப் பெட்டியையோ போனில் ஒரு செயலியையோ போட்டு, நீங்கள் பிரேக் அடிப்பது, வேகமெடுப்பது, ராத்திரியில் ஓட்டுவது எல்லாவற்றையும் கணக்கெடுத்துப் பிரீமியம் போடுகின்றன. இது டெலிமேட்டிக்ஸ். அந்தத் தரவு நேராக நிறுவனத்துக்குப் போகும். நீங்களாக வாங்கி மாட்டிய டேஷ்கேமின் பதிவு உங்கள் கார்டில் மட்டும் இருக்கும், நீங்கள் கொடுத்தால்தான் போகும். கிளவுடில் சேமிக்கும் கேமராக்கள் இரண்டுக்கும் நடுவில் நிற்பவை, அவற்றின் விதிமுறைகளைப் படித்துவிட்டுச் சேருங்கள்.

வாங்கும்போது

4கே என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பதில் மயங்க வேண்டாம். பகலில் பக்கத்தில் நிற்கும் காரின் நம்பர் பிளேட்டை நல்ல 1080பி கேமராவே படித்துவிடும். இரவில் எதிரே வேகமாகப் போகும் காரின் பிளேட் 4கே கேமராவிலும் கலங்கித்தான் தெரியும். வெளிச்சம் குறைந்தால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும், அதாவது வீடியோவின் ஒவ்வொரு தனிப் படத்துக்கும், கேமரா அதிக நேரம் எடுத்துக்கொள்கிறது, அந்த நேரத்துக்குள் பிளேட் நகர்ந்துவிடுகிறது, அதுதான் காரணம். அதனால் இரவில் எடுத்த மாதிரி வீடியோவைப் பார்க்காமல் வாங்காதீர்கள். சோனியின் ஸ்டார்விஸ் வகை சென்சார் உள்ளவை இருட்டில் பொதுவாக நன்றாக இருக்கும்.

ஃபிரேம் கணக்கு ஒன்று. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு நொடிக்கு 16.7 மீட்டர் போகும். நொடிக்கு 30 ஃபிரேம் எடுத்தால் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே அரை மீட்டருக்குச் சற்று அதிகம். விபத்தைப் புரிந்துகொள்ள இது போதும். 60 ஃபிரேம் இருந்தால் ஏதோ ஒரு படத்தில் பிளேட் தெளிவாக விழ வாய்ப்பு கொஞ்சம் கூடும், அவ்வளவே.

நான் விட்டுக்கொடுக்காத விஷயம் உள்ளே இருக்கும் பேட்டரி. வெயிலில் நிறுத்திய காரின் கண்ணாடியை ஒட்டிய இடம் அடுப்பாகக் கொதிக்கும், லித்தியம் பேட்டரி அதில் உப்பிப் போகும். பேட்டரிக்குப் பதில் சூப்பர் கெபாசிட்டர் உள்ள கேமராவை வாங்குங்கள். கரண்ட் போனாலும் கடைசி கிளிப்பை ஒழுங்காக மூடிச் சேமிக்கிற அளவுக்கு அதில் மின்சாரம் இருக்கும், வெப்பத்தையும் தாங்கும்.

பின்பக்கக் கேமரா வேண்டுமா என்றால், முடிந்தால் வாங்குங்கள். பின்னாலிருந்து இடித்தவர் மீதுதான் தப்பு என்று பல இடங்களில் தொடக்கத்திலேயே எடுத்துக்கொள்வார்கள் என்பதால் அது இல்லாமலும் பிழைக்கலாம். ஆனால் இடித்துவிட்டு ஓடுகிறவரின் பிளேட்டை முன்கேமரா பார்க்காது.

கார்டு, கார்டு, கார்டு

இந்த ஒரு பகுதியை மட்டும் படித்தாலும் போதும்.

டேஷ்கேம் லூப்பில் பதிகிறது. ஒரு நிமிடம், மூன்று நிமிடம் அல்லது ஐந்து நிமிடத் துண்டுகளாக எழுதிக்கொண்டே போகும், கார்டு நிறைந்ததும் மிகப் பழைய துண்டை அழித்து அதன்மேல் எழுதும். 1080பி-யில் நொடிக்கு 15 மெகாபிட் என்று வைத்துக்கொண்டால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 7 ஜிபி ஆகும், 64 ஜிபி கார்டில் எட்டு ஒன்பது மணி நேரம் நிற்கும். 4கே-யில் நொடிக்கு 50 மெகாபிட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 22 ஜிபிக்கு மேல் போய்விடும், 128 ஜிபி கார்டிலும் ஐந்தரை மணி நேரம்தான். பின்கேமராவும் இருந்தால் இன்னும் குறையும். மூன்று நாள் கழித்து எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டால் விபத்தின் மேலேயே வேறு வீடியோ ஏறியிருக்கும்.

இந்த இடைவிடாத எழுத்து வேலைதான் கார்டைக் கொல்கிறது. நாளுக்கு ஒன்றரை மணி நேரம் ஓட்டி, மணிக்கு 20 ஜிபி பதிந்தால் ஒரு 64 ஜிபி கார்டு இரண்டு நாளுக்கு ஒருமுறை முழுதாக அழித்து எழுதப்படுகிறது. வருடத்துக்கு நூற்று எழுபது தடவை. போனிலோ சாதா கேமராவிலோ போடும் கார்டுக்கு இந்தப் பழக்கம் கிடையாது. ‘ஹை எண்டியூரன்ஸ்’ என்று போட்டிருக்கும் கார்டுகள் இதற்காகவே செய்யப்படுபவை, அதையே வாங்குங்கள். பழைய போனிலிருந்து கழற்றிய கார்டைப் போடும் சிக்கனம் வேண்டாம். நான் செய்தது அதுதான். கேமரா எவ்வளவு ஜிபி வரை ஏற்கும் என்று அதன் கையேட்டில் பார்த்துவிட்டு, அதற்குள் பெரியதாக எடுங்கள்.

புதுக் கார்டை முதலில் கேமராவுக்குள் வைத்தே ஃபார்மேட் செய்யுங்கள். கம்ப்யூட்டரில் செய்தால் சில கேமராக்களுக்குப் பிடிக்காது. அப்புறம் மாதம் ஒருமுறை, வேண்டிய கிளிப்புகளை எடுத்துவிட்டு மறுபடி ஃபார்மேட் செய்யுங்கள். மோதல் என்று நினைத்துக் கேமரா ‘பூட்டி’ வைக்கும் கிளிப்புகள் சாதாரணமாகத் தானாக அழியாது, பள்ளத்தில் விழுந்த ஒவ்வொரு குலுக்கலும் பூட்டப்பட்டுக் கார்டை நிரப்பிவிடும். கடைசியில் புதிதாக எழுத இடமில்லாமல் கேமரா நின்றுபோகும், அல்லது இடம் பிடிக்கப் பூட்டியவற்றையே அழிக்கத் தொடங்கும். இதற்கு மாதாந்திர ஃபார்மேட் மட்டுமே மருந்து.

வாரம் ஒருமுறை ஒரு நிமிடம் ஒதுக்குங்கள். நேற்றைய கிளிப் ஒன்றை ஓட விட்டுப் பாருங்கள். விளக்கு எரிகிறதா என்று மட்டும் பார்த்தால் என் கதைதான்.

பொருத்துவது

உள்கண்ணாடிக்குப் பின்னால், ஓட்டுநரின் பார்வைக்குக் குறுக்கே வராதபடி, வைப்பர் துடைக்கும் பரப்புக்குள் லென்ஸ் இருக்க வேண்டும். வைப்பர் எட்டாத மூலையில் ஒட்டினால் மழையன்று எல்லாம் பனிமூட்டம்தான், மழையன்றுதானே விபத்தும் அதிகம். காரிலேயே லேன் மாறினால் எச்சரிக்கும் கேமரா இருந்தால் அதன் பார்வையை மறைக்காதீர்கள். சில ஊர்களில் கண்ணாடியில் எங்கே ஒட்டலாம் என்பதற்கே அளவு உண்டு. கலிபோர்னியாவில் மேல் நடுவே ஒட்டுவதானால் 5 அங்குலச் சதுரத்துக்குள் அடங்க வேண்டும். உங்கள் பகுதியின் விதியைப் பார்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் ‘பார்வையை மறைத்தார்’ என்று எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்ள நீங்களே நூல் எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகும்.

அடிவானம் படத்தின் நடுவில் அல்லது சற்று மேலே விழட்டும். கீழே பானெட்டின் ஓரம் கொஞ்சமாகத் தெரிந்தால் போதும். வானத்தை அதிகம் காட்டினால் கேமரா வெளிச்சத்துக்கு ஏற்பத் தன்னைக் குறைத்துக்கொண்டு சாலையை இருட்டாக்கிவிடும்.

வயரை மேற்கூரை ஓரத்தின் ரப்பருக்குள் செருகி, கதவோரத் தூண் வழியாகக் கீழே இறக்குவார்கள். இந்த இடத்தில் கவனம் தேவை. பல கார்களில் அந்தத் தூணுக்குள்ளும் கூரை ஓரத்திலும் பக்கவாட்டு ஏர்பேக் மடித்து வைக்கப்பட்டிருக்கும். வயர் அதற்கு முன்னால் குறுக்கே போனால் ஏர்பேக் விரிவதைத் தடுக்கலாம், அல்லது விரியும்போது வயரே முகத்தில் வந்து அறையலாம். வயர் ஏர்பேக்குக்குப் பின்னால்தான் போக வேண்டும். இது உறுதியாகத் தெரியாவிட்டால் சார்ஜர் சாக்கெட்டிலேயே செருகிக்கொள்ளுங்கள், அல்லது தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். ஃபியூஸ் பெட்டியிலிருந்து மின்சாரம் எடுக்கும்போது வயரை வெட்டி ஒட்ட விடாதீர்கள், ஃபியூஸ் டேப் என்ற சின்ன இணைப்பானைப் போடச் சொல்லுங்கள். காரின் வாரண்டி குறித்தும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்வது நல்லது.

கேமரா ஆன் ஆனதும் முதலில் மாற்ற வேண்டியவை

தேதியும் நேரமும்தான் முதலில். நேர மண்டலம் தவறாக இருந்தால் விபத்து நடந்தது மாலை ஆறு மணி, வீடியோவில் மதியம் பன்னிரண்டரை என்று நிற்கும். காட்சி உண்மையாக இருந்தாலும் எதிர்த்தரப்புக்கு ‘இது அந்த விபத்தே இல்லை’ என்று சொல்ல இடம் கிடைக்கும். ஜிபிஎஸ் உள்ள கேமரா நேரத்தைத் தானே சரிசெய்துகொள்ளும், ஆனால் நேர மண்டலத்தை நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஜிபிஎஸ் இல்லாததை மாதாந்திர ஃபார்மேட்டோடு சேர்த்துப் பாருங்கள். கார் பேட்டரி மாற்றிய பிறகும், கேமரா நாள்கணக்கில் கரண்டில்லாமல் கிடந்த பிறகும் கட்டாயம் பாருங்கள்.

குலுக்கல் வந்தால் கிளிப்பைப் பூட்டும் அதிர்வு சென்சாரின் உணர்திறனை நடுத்தரத்தில் வையுங்கள், சாலை மோசமானால் இன்னும் குறைத்துவிடுங்கள்.

திரையில் வேகத்தைக் காட்டுவதா வேண்டாமா என்பதில் இரண்டு கட்சி உண்டு. வேக வரம்புக்குள் ஓட்டுபவருக்கு அது பெரிய துணை, ‘அதிவேகமாக வந்தார்’ என்ற குற்றச்சாட்டு அங்கேயே விழுந்துவிடும். மற்றவர்கள் அதை அணைத்து வைப்பார்கள். அணைத்தாலும், சாலைக்கோடுகளுக்கும் கம்பங்களுக்கும் இடையே உள்ள தூரத்தை ஃபிரேம்களால் வகுத்து வேகத்தைக் கணக்கிட நிபுணர்களுக்குத் தெரியும். நான் ஆன் செய்தே வைத்திருக்கிறேன்.

எல்இடி சிக்னல் விளக்குகள் வீடியோவில் மினுக்கலாம், சில நொடி அணைந்தே தெரியலாம். விளக்கு துடிக்கும் வேகமும் கேமராவின் ஃபிரேம் வேகமும் ஒத்துப்போவதால் வரும் சிக்கல் இது. அமைப்புகளில் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் என்று கேட்கும் இடத்தில் உங்கள் நாட்டு மின்சாரத்துக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுங்கள். சிவப்பா பச்சையா என்பதே வழக்காக இருக்கும் விபத்தில் விளக்கு அணைந்து தெரிந்தால் கேமராவால் என்ன பயன்?

ஒலிப்பதிவு பற்றிச் சட்டப் பகுதியில் வருகிறேன். அனுமதி உள்ள இடத்தில் அது ஆன் ஆக இருந்தால் ஒரு தந்திரம் செய்யலாம்: இடித்துவிட்டுப் போகும் காரின் நம்பரை, நிறத்தை உடனே உரக்கச் சொல்லுங்கள். கேமராவுக்குத் தெரியாத பிளேட் உங்கள் குரலில் பதிந்திருக்கும்.

பார்க்கிங் மோட்

நிறுத்தியிருக்கும்போதும் கேமரா விழித்திருக்கும் வசதி இது. யாரோ உரசிவிட்டுப் போன கீறலுக்கு இது ஒன்றே சாட்சி. விலை கார் பேட்டரியின் தலையில் விழும். கேமரா 4 வாட் எடுத்தால் ஒரு நாளுக்கு 8 ஆம்பியர்-மணி. 45 ஆம்பியர்-மணி பேட்டரியில் மூன்று நாளில் பாதிக்கு மேல் காலி, நாலாம் நாள் கார் ஸ்டார்ட் ஆகாது. அதனால் பேட்டரி வோல்டேஜ் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் தானாகத் துண்டிக்கும் ஹார்ட்வயர் கிட் அவசியம். 12.2 வோல்ட் பக்கம் வைத்துத் தொடங்குங்கள். ஊருக்குப் போய் ஒரு வாரம் காரை நிறுத்துவதானால் அணைத்துவிட்டுப் போங்கள்.

விபத்து நடந்துவிட்டது, இப்போது என்ன?

கேமராவை மறந்துவிடுங்கள். முதலில் அடிபட்டவர்கள், அபாய விளக்கு, பின்னால் வரும் வண்டிகள், ஆம்புலன்ஸ், போலீஸ். இதெல்லாம் ஒழுங்கான பிறகு கேமராவுக்கு வாருங்கள்.

வந்ததும் பூட்டும் பொத்தானை அழுத்துங்கள். அதிர்வு சென்சார் ஏற்கெனவே பூட்டியிருக்கும்தான், ஆனால் மெதுவான உரசலில் அது விழித்துக்கொள்ளாமல் போகலாம். சில கேமராக்களில் பூட்டும் பொத்தான் ஓடிக்கொண்டிருக்கும் துண்டை மட்டுமே பூட்டும். ஒரு நிமிடத் துண்டுகளாக வைத்திருந்தால், நீங்கள் அழுத்துவதற்குள் மோதல் முந்தைய துண்டுக்குப் போயிருக்கும். அதனால்தான் நான் மூன்று நிமிடம் வைக்கிறேன்.

பேச்சுவார்த்தையும் பெயர் பரிமாற்றமும் முடிந்து, நம்பர் பிளேட், சேதம் ஆகியவற்றைப் போனில் படமெடுத்ததும், கேமராவின் மின்சாரத்தை எடுத்துவிட்டு அது முழுதாக அணைந்த பின் கார்டைக் கழற்றிப் பையில் போடுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது உருவினால் முக்கியமான கோப்பே உடைந்துபோகலாம். பக்கத்தில் எப்போதும் ஒரு மாற்றுக் கார்டு இருந்தால் அதைப் போட்டு ஓட்டிக்கொண்டு வரலாம்.

எதிரே நிற்பவரிடம் ‘கேமராவில் எல்லாம் இருக்கு, பார்க்கலாமா’ என்று சவால் விடாதீர்கள். அங்கேயே திரையில் ஓட்டிக் காட்டி வாதம் செய்வதும் வேண்டாம். கோபத்தில் இருப்பவர் கார்டையே பிடுங்கிக்கொள்ளலாம். போலீஸ் கேட்டால் கொடுங்கள், முடிந்தால் நகல் எடுத்துக்கொண்டு, எதை யாரிடம் எப்போது கொடுத்தீர்கள் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் கார்டில் இருந்து கோப்புகளை அப்படியே கம்ப்யூட்டருக்கும் இன்னோர் இடத்துக்கும் நகலெடுங்கள். பெயரை மாற்றாதீர்கள், வெட்டாதீர்கள், வேறு செயலியில் போட்டுச் சுருக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது தானே சுருக்கிவிடும், அதனால் நிறுவனம் சொல்லும் இணைப்பிலோ டிரைவிலோ முழுக் கோப்பையும் ஏற்றுங்கள். மோதலுக்கு முன் சில நிமிடம், பின் சில நிமிடம், இரண்டும் வேண்டும். மோதிய ஆறு நொடியை மட்டும் வெட்டிக் கொடுத்தால், ‘அதற்கு முன் என்ன செய்தீர்கள்’ என்ற சந்தேகம் தானாக வரும். க்ளெய்ம் முழுதாக முடியும்வரை அசல் கார்டைத் திரும்பப் பயன்படுத்தாமல் ஓர் உறையில் போட்டு வையுங்கள். புதுக் கார்டு க்ளெய்ம் தொகையைவிட மலிவு.

வழக்கு நீதிமன்றம் போனால் கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்ட வேண்டிவரும். இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதிநியமம் என்ற சான்றுச் சட்டத்தின் 63-வது பிரிவு, மின்னணுப் பதிவோடு ஒரு சான்றிதழையும் கேட்கிறது, அதில் கோப்பின் ஹேஷ் மதிப்பு இடம்பெற வேண்டும். ஹேஷ் என்பது கோப்பின் கைரேகை மாதிரி. ஒரே ஒரு பிட் மாறினாலும் அது வேறாகிவிடும்.

வாக்குமூலம் எழுதும் முன் வீடியோவை நிதானமாக இரண்டு மூன்று தடவை பாருங்கள். நம் நினைவு நம்மை ஏமாற்றும். ‘நான் முழுதாக நின்றிருந்தேன்’ என்று எழுதிக் கொடுத்து, வீடியோவில் கார் மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தால் மற்ற உண்மைகளும் சேர்ந்தே நம்பகம் இழக்கும். இன்னொன்று, இந்தக் கேமராக்கள் அகலக்கோணத்தில் படம் பிடிப்பதால் முன்னால் உள்ளவை இருப்பதைவிடத் தள்ளித் தெரியும். ‘இவ்வளவு தூரம் இருந்ததே, பிரேக் அடித்திருக்கலாமே’ என்று சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயரோ எதிர்த்தரப்போ கேட்டால் இதை எடுத்துச் சொல்லுங்கள். சாலையில் உள்ள கோடுகளை வைத்து உண்மையான தூரத்தைக் காட்ட முடியும்.

க்ளெய்ம் நடந்துகொண்டிருக்கும்போது வீடியோவைச் சமூக ஊடகத்தில் போடாதீர்கள். ஆயிரம் பேர் உங்களுக்கு ஆதரவாகப் பேசினாலும் சர்வேயருக்கு அது கணக்கில்லை. யாரோ ஒருவர் ‘நீங்களும் கொஞ்சம் வேகம்தானே’ என்று கேட்டு, அதற்கு நீங்கள் ‘ஆமாம், அவசரம்’ என்று பதில் போட்டிருந்தால் அது மட்டும் எதிர்த்தரப்பு கோப்பில் ஏறிவிடும்.

சட்டமும் அந்தரங்கமும்

ஒரு நாட்டில் சரி என்பது பக்கத்து நாட்டில் அபராதம். ஆஸ்திரியா, போர்ச்சுகல் போன்ற இடங்களில் கட்டுப்பாடு கடுமை. ஜெர்மனியில் 2018 மே 15 அன்று கூட்டாட்சி நீதிமன்றம் ஒரு விசித்திரமான தீர்ப்பைத் தந்தது: காரணமில்லாமல் தொடர்ந்து பதிவது தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு எதிரானது, ஆனாலும் அந்த வீடியோவை விபத்து வழக்கில் சான்றாக ஏற்கலாம். சுவிட்சர்லாந்தின் உச்ச நீதிமன்றம் 2019-ல் ஒரு போக்குவரத்து வழக்கில் தனியார் டேஷ்கேம் பதிவை ஏற்க மறுத்தது. எல்லை தாண்டி ஓட்டுபவர்கள், வெளிநாட்டில் வாடகைக் கார் எடுப்பவர்கள் போகும் முன் பார்த்துவிடுங்கள்.

காருக்குள் ஒலி பதிவதற்கு இன்னும் கடுமையான விதிகள் உண்டு. பேசுகிற எல்லோருடைய சம்மதமும் வேண்டும் என்று சொல்லும் இடங்களும் இருக்கின்றன. பயணிகளை ஏற்றும் தொழில் என்றால் ‘இங்கே பதிவாகிறது’ என்று ஓர் ஒட்டுத்தாள் போடுங்கள், ஏறுகிறவரிடம் வாயாலும் சொல்லுங்கள். உங்கள் காரை வேறு யாராவது ஓட்டினாலும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஓட்டுகிறவர் மாறுகிறார்

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். மாதாந்திரச் சோதனைக்காகப் பழைய கிளிப்புகளை ஓட்டிப் பார்த்தபோது ஓர் ஆள் எல்லோரையும் திட்டிக்கொண்டே ஓட்டுவது கேட்டது. அந்தக் குரல் என்னுடையது. மஞ்சள் விளக்கில் வேகம் கூட்டுவதையும், முன் காரை ஒட்டிப் போவதையும் வெளியாள் கண்ணால் பார்த்தபோது வெட்கமாகத்தான் இருந்தது. முன்காருக்கும் எனக்கும் நடுவே இரண்டு நொடி இருக்கிறதா என்று கிளிப்பில் ஒரு கம்பத்தை வைத்து எண்ணிப் பார்ப்பேன். தொடக்கத்தில் ஒன்றுகூட இருந்ததில்லை. புதிதாக ஓட்டக் கற்றவர்கள் வாரத்துக்கு ஒரு பயணத்தையாவது இப்படிப் பார்த்தால் பயிற்சியாளர் இல்லாமலே நிறையத் தெரிந்துகொள்ளலாம்.

இதற்கு நேர்மாறான வியாதியும் உண்டு. கேமரா இருக்கிற தைரியத்தில், தப்பு செய்கிறவரை விடாமல் துரத்திப் படமெடுப்பது, வழிவிட வேண்டிய இடத்தில் ‘எனக்குத்தான் உரிமை’ என்று முட்டிக்கொள்ளப் போவது. தவிர்க்க வாய்ப்பிருந்தும் தவிர்க்கவில்லை என்று வீடியோவே காட்டிக்கொடுத்தால் தப்பின் ஒரு பங்கு உங்கள் மேலும் ஏறலாம்.

காரை விற்கும்போது கேமராவைக் கழற்றிக்கொள்வதா, விட்டுவிடுவதா என்பது உங்கள் விருப்பம். விடுவதானால் கார்டை எடுத்துக்கொள்ளுங்கள், கேமராவை ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள், போன் செயலியிலும் கிளவுட் கணக்கிலும் அதன் இணைப்பை நீக்குங்கள். உங்கள் வீட்டு வாசலிலிருந்து தினமும் எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. தள்ளுபடி வாங்கியிருந்தால் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள்.